பயண வீட்டுக்குச் செய்மதித் தொலைக்காட்சி: முதலில் செய்மதி, பிறகு டிஷ்

வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், கணவருடன் நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று ஒரு பழைய மிட்சுபிஷி ரோசா பஸ்ஸை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கட்டில், சமையல் மேடை, சிறு கழிவறை எல்லாம் வைத்து ஒரு பயண வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மாலையில் செய்தியும், கணவருக்குக் கிரிக்கெட்டும், உங்களுக்கு இரண்டொரு நாடகமும் பார்க்கக்கூடிய செய்மதித் தொலைக்காட்சி வேண்டும். எந்தச் சேவையை எடுப்பது, இந்தியச் சேவைகள் சரிவருமா, ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் தம்பி தன்னுடைய மோட்டார் இல்லத்தின் கூரையிலிருந்த குவிமாட அன்டெனாவைக் கழற்றி அனுப்புவதாகச் சொல்கிறாரே அதை வாங்கிக்கொள்ளலாமா, பஸ் ஓடும்போதும் படம் வருமா என்பவையே நீங்கள் கேட்டவை.

என்னுடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பியின் குவிமாடம் வேண்டாம்; அனுப்பும் கூலியும் சுங்கச் செலவும் வீணாகும். டயலொக் தொலைக்காட்சியின் முற்கொடுப்பனவு இணைப்பு ஒன்றையும், தரையில் வைக்கும் முக்காலியில் பூட்டிய சாதாரண 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்றையும் எடுங்கள். ஓடும்போது பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் அழகான அன்டெனாவைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகுதான் அதற்கு எந்தச் சேவை பொருந்தும் என்று தேடுகிறார்கள். தேட வேண்டிய ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. வேண்டிய சேவை எது, அது எந்தச் செய்மதியிலிருந்து வருகிறது, அந்தச் செய்மதி நம் வானத்தில் எங்கே நிற்கிறது என்பவை தெரிந்த பிறகே டிஷ்ஷைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், நமக்கு அவை ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுங்கோட்டு இடம் உண்டு. கனடாவில் பெல் நிறுவனத்தின் செய்மதித் தொலைக்காட்சி மேற்கு நெடுங்கோடு 82 பாகையிலும் 91 பாகையிலும் நிற்கும் செய்மதிகளிலிருந்து வருகிறது. கொழும்போ கிழக்கு நெடுங்கோடு 80 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. அதாவது அந்தச் செய்மதிகள் உலக உருண்டையின் மறுபக்கத்தில், ஏறக்குறைய நம் காலடிக்கு நேர் கீழே இருக்கின்றன. தம்பியின் குவிமாடத்துக்குள் இருக்கும் சிறு மோட்டார் அந்தச் செய்மதிகளைத் தேடுவதற்காகவே நிரல்படுத்தப்பட்டது. வெள்ளவத்தையில் அதற்கு மின் கொடுத்தால் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு நின்றுவிடும். அதோடு, வட அமெரிக்காவின் பெரிய சேவைகளுக்கென்று செய்யப்படும் குவிமாடங்களில் பெரும்பாலானவை வட்ட முனைவாக்கம் கொண்ட, அதாவது திருகுபோல் சுழன்றபடி வரும், அலைகளுக்குரிய எல்.என்.பி.யை (டிஷ் குவிக்கும் சிக்னலைப் பிடித்துக் கேபிளுக்கு அனுப்பும் சிறு தலையை) கொண்டவை. நமக்கு வரும் அலைகள் நேர்கோட்டு முனைவாக்கம் கொண்டவை, அதாவது ஒரே தளத்தில் அதிர்பவை. ஆகவே செய்மதியின் இடத்தை எப்படியோ மாற்றிக் கொடுத்தாலும் சிக்னலில் பாதி அங்கேயே போய்விடும். ஐரோப்பாவிலிருந்து வரும் குவிமாடங்கள் முனைவாக்கத்தில் பொருந்தினாலும், அவற்றின் நினைவில் இருப்பவை பெரும்பாலும் 13, 19.2, 28.2 பாகை கிழக்கில் உள்ள ஐரோப்பியச் செய்மதிகள்தாம். அன்போடு அனுப்புகிறவரிடம் வேண்டாம் என்று சொல்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் காரணத்தைச் சொன்னால் தம்பி விளங்கிக்கொள்வார். அவர் அதை அங்கேயே விற்றுக்கொள்ளலாம்.

இனி நம்முடைய செய்மதிக்கு வருவோம். டயலொக் தொலைக்காட்சி கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் நிற்கும் செய்மதியிலிருந்து வருகிறது. 2018 செப்டெம்பரில் ஏரியன் 5 உந்துகணையில் ஏவப்பட்ட அந்தச் செய்மதிக்கு அசர்ஸ்பேஸ் 2 என்றும் இன்டெல்சாட் 38 என்றும் இரண்டு பெயர்கள் உண்டு. கொழும்பிலிருந்து பார்த்தால் அது மேற்கே, சரி மேற்கிலிருந்து 10 பாகை அளவு தெற்காகத் தள்ளி, அடிவானத்திலிருந்து 49 பாகை உயரத்தில் நிற்கிறது. திசைகாட்டியில் 260 என்ற எண்ணைத் தேடினால் போதும். நம் நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியதாகையால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸின் இரும்பு உடலுக்கு அருகில் நின்று திசைகாட்டியைப் பார்க்கக் கூடாது. நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

இந்தக் கோணங்கள் நாடு முழுவதும் எவ்வளவு குறைவாக மாறுகின்றன என்பதுதான் இலங்கையில் பயணம் செய்பவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. கொழும்பில் 49 பாகையாக இருக்கும் உயரம் யாழ்ப்பாணத்தில் 48 ஆகவும், திருகோணமலையிலும் அறுகம்பையிலும் 47 ஆகவும் இருக்கிறது. திசை கொழும்பில் 260 என்றால் யாழ்ப்பாணத்தில் 256 அல்லது 257. ஒரு 60 சென்ரிமீற்றர் டிஷ் ஏறத்தாழ 3 பாகை அகலமுள்ள ஒரு கூம்பினூடாகத்தான் வானத்தைப் பார்க்கிறது என்பதை நினைத்தால், உயரத்தை 48 பாகையில் ஒரு முறை வைத்து ஆணியை இறுக்கிவிட்டு, எங்கே போனாலும் இடம் வலமாக மட்டும் திருப்பித் தேடலாம் என்பது புரியும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரம் கிலோமீற்றர் வடக்கே போனால் கோணமெல்லாம் மாறிவிடும். தானாகத் தேடும் விலையுயர்ந்த கருவி அங்கே தேவைப்படுவதற்கு அதுவே காரணம். நமக்கு அந்தத் தேவை இல்லை.

மரங்கள்தான் நம் நாட்டில் உண்மையான எதிரி. இலைகளில் நீர் இருப்பதால், ஒரு மாமரத்தின் கிளையே சிக்னலை முழுவதுமாக மறைத்துவிடும். 49 பாகை என்பது நமக்கு ஒரு எளிய அளவுகோலைத் தருகிறது. டிஷ்ஷுக்கு மேற்கே நிற்கும் மரம் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் தள்ளி டிஷ்ஷை வைத்தால் அதன் உச்சிக்கு மேலாகச் செய்மதி தெரியும். இருபது மீற்றர் தென்னைக்கு இருபது மீற்றர் தூரம். மலைகளைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை, ஏனெனில் நுவரெலியாவிலோ எல்லவிலோ 45 பாகைக்கு மேல் எழும் மலைச்சரிவுக்கு நேர் கீழே யாரும் பஸ்ஸை நிறுத்துவதில்லை. அங்கேயும் தொல்லை தருவது சவுக்கும் யூக்கலிப்டசும்தான்.

கடற்கரைகளில் ஒரு விடயத்தை நீங்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மேற்குக் கரையில், கற்பிட்டியிலோ பெந்தோட்டையிலோ நிறுத்தினால், செய்மதி கடலுக்கு மேலே நிற்கிறது. மறைக்க ஒன்றும் இல்லை. கிழக்குக் கரையில் நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை ஆகிய இடங்களில் கடல் கிழக்கே இருக்கிறது, செய்மதியோ தரைப் பக்கம், தென்னந்தோப்புக்கு மேலே இருக்கிறது. நிழலுக்காகப் பஸ்ஸைத் தென்னைகளுக்கு அடியில் நிறுத்தினால் கூரையில் பூட்டிய அன்டெனா எதுவாயினும் குருடாகிவிடும். முக்காலியில் இருக்கும் டிஷ்ஷை மட்டும் 15 மீற்றர் கேபிளோடு எடுத்துப்போய் மணலில், தண்ணீர்ப் பக்கமாக வைத்து, மரங்களுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கச் செய்யலாம். பஸ் நிழலில் நிற்க, டிஷ் வெயிலில் நிற்கும். கூரைக் குவிமாடத்தை விட முக்காலியை நான் விரும்புவதற்கு இந்த ஒரு காரணமே போதும். அதோடு, பஸ் சரிவான நிலத்தில் சாய்ந்து நின்றாலும் முக்காலியைத் தனியாக மட்டம் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

சேவையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தியச் சேவைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் இந்தியச் செய்மதிகள் நமக்கு மிக வசதியான இடத்தில் நிற்கின்றன. டாட்டா ப்ளேயின் செய்மதிகள் 83 பாகை கிழக்கில் இருப்பதால், கொழும்பிலிருந்து பார்க்கும்போது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 81 பாகை உயரத்தில் தெரிகின்றன. மரங்கள் அவ்வளவாக மறைப்பதில்லை, மழைத் திரையினூடாக வரும் தூரமும் குறைவு. ஆனால் அந்தக் கட்டணச் சேவைகள் இந்தியாவில் உள்ள முகவரிக்கு, இந்தியாவில் பாவிப்பதற்கென்று வழங்கப்படுபவை. இங்கே அவற்றை வாங்குகிறவர் யாரோ ஒருவருடைய பெயரில், யாரோ ஒருவருடைய முகவரியில் இருக்கும் அட்டையைத்தான் வாங்குகிறார். சில வருடங்களுக்கு முன், வவுனியாவில் உள்ள என் உறவினர் ஒருவருக்காகக் கொழும்பில் ஒரு கடையில் அப்படியொரு பெட்டியை வாங்கி நானே கொண்டுபோய்ப் பூட்டிக்கொடுத்தேன். முதல் மூன்று மாதங்கள் நன்றாக ஓடியது. நான்காம் மாதம், பணம் கட்டி இரண்டே நாளில், திரை கறுத்து ஒரு பிழை எண் மட்டும் நின்றது. முறைப்பாடு செய்ய எங்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை. இணைப்பு யாருடைய பெயரில் இருந்தது என்பதுகூடத் தெரியவில்லை. கடைக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த வீட்டில் நடமாட முடியாத ஒரு முதியவருக்கு அந்தத் திரைதான் பொழுதுபோக்காக இருந்தது என்பதால் எனக்கு அது இன்றும் மனவருத்தம். வீட்டிலேயே அப்படியென்றால், காட்டோரத்தில் நிறுத்திய பஸ்ஸில் இருந்துகொண்டு யாரைத் தேடுவது? ஆகவே இந்தியக் கட்டணச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்திய அரசின் டிடி ஃப்ரீ டிஷ் வேறு வகையானது. அது 2004இல் தொடங்கப்பட்டது. மாதக் கட்டணமோ சந்தாவோ இல்லை. 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட் 15 செய்மதியிலிருந்து வருகிறது. கொழும்பில் அதற்குரிய உயரம் 72 பாகை, திசை கிழக்கிலிருந்து தெற்காகத் திரும்பிய 116. அந்தக் கதிர் இந்தியாவை நோக்கி வகுக்கப்பட்டதாகையால் இங்கே சற்றுப் பெரிய, 75 அல்லது 90 சென்ரிமீற்றர் டிஷ் வைப்பது நல்லது. அதில் வரும் தமிழ் அலைவரிசைகள் மிகக் குறைவு, இலங்கை அலைவரிசைகள் இல்லை. உங்களுக்கு வேண்டிய உள்ளூர்ச் செய்தி அதில் கிடைக்காது என்பதால் அதை முதன்மைச் சேவையாக எடுக்க வேண்டாம். ஹிந்தி நிகழ்ச்சிகளில் விருப்பமுள்ளவர்கள் இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

டயலொக் இணைப்பில் மாதக் கட்டணத் திட்டமும் முற்கொடுப்பனவுத் திட்டமும் உண்டு. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் பயணம் செய்யப் போகிறவருக்கு முற்கொடுப்பனவே பொருந்தும். பஸ் வீட்டு வாசலில் நிற்கும் மாதங்களுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அலைவரிசைப் பட்டியல்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால், நீங்கள் தவறாமல் பார்க்கும் ஐந்து அலைவரிசைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அவை ஐந்தும் எந்தப் பொதியில் இருக்கின்றன என்று கேட்டு எடுங்கள். நூறு அலைவரிசை என்ற விளம்பரத்தைப் பார்த்து எடுக்க வேண்டாம். கிரிக்கெட் எந்தப் பொதியில் வருகிறது என்பதைக் கணவர் தனியாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது, விளையாட்டு ஒளிபரப்பு உரிமைகள் தொடருக்குத் தொடர் கைமாறுவதால்.

வெள்ளவத்தை வீட்டில் ஏற்கெனவே அதே இணைப்பு இருந்தால் புதிய இணைப்பே வேண்டாம் என்றும் நினைக்கிறேன். நீங்கள் இருவரும் பயணம் போகும்போது வீட்டில் பார்ப்பவர் எவரும் இல்லை. ரிசீவர் பெட்டிக்குத் தான் எந்த டிஷ்ஷோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. அதே செய்மதியின் சிக்னல் வந்தால் அது வேலை செய்யும். பெட்டியையும் அதன் அட்டையையும் ரிமோட்டையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் முக்காலி டிஷ்ஷை மட்டும் நிரந்தரமாக வைத்திருக்கலாம். பதிவு செய்த முகவரிக்கு வெளியே பெட்டியைப் பாவிப்பதை உங்கள் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதை மட்டும் வாடிக்கையாளர் சேவையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பற்றி இன்னொன்று. கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு, நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்ற அனுமதிச் செய்தி செய்மதி வழியாகவே அடிக்கடி வந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று மாதம் பெட்டி அணைந்து கிடந்தால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும். சிக்னல் முழுமையாக இருந்தாலும் படம் வராது. இதைத் தெரியாத பலர் இருட்டில் வெளியே இறங்கி டிஷ்ஷைத் திருப்பத் தொடங்கி, சரியாக இருந்ததையும் குழப்பிவிடுகிறார்கள். பயணத்துக்கு முதல் நாள் வீட்டில் வைத்தே பணம் கட்டி, பெட்டியை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, படம் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

டிஷ் பூட்டுவதைச் சற்று நெருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். நம் வீடுகளில் உள்ள சிறு டிஷ்கள் நேராகப் பார்ப்பவை அல்ல. எல்.என்.பி. கீழே ஒரு கையில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த அமைப்பினால் தட்டு, தான் பார்ப்பதுபோலத் தெரியும் திசையை விட ஏறத்தாழ 24 பாகை உயரமாகப் பார்க்கிறது. ஆகவே 49 பாகை உயரத்திலுள்ள செய்மதியைப் பிடிக்கும் டிஷ் வெறும் 25 பாகை அளவே பின்னால் சாய்ந்து, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதுபோலத் தோன்றும். வானத்தை அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்தால் ஒருபோதும் சிக்னல் கிடைக்காது. டிஷ்ஷின் பின்புறப் பிடியில் பொறித்திருக்கும் உயர எண்களையே நம்புங்கள். அந்த எண்கள் உண்மையைச் சொல்ல வேண்டுமானால் முக்காலியின் நடுக்குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு சிறு நீர்மட்டத்தைக் குழாயின் இரண்டு பக்கத்திலும் வைத்துப் பார்க்கும் ஒரு நிமிடம் பிறகு அரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவதாக எல்.என்.பி.யின் திருகல். செய்மதி நமக்கு மிக மேற்கே இருப்பதால், எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் கணிசமாகத் திருக வேண்டியிருக்கிறது. முதல் முறை ஒரு நிறுவுநரை அழைத்து, வீட்டு டிஷ்ஷில் உள்ள அதே திருகலை முக்காலி டிஷ்ஷிலும் வைக்கச் சொல்லி, பிடி, எல்.என்.பி. இரண்டுக்கும் குறுக்கே அழியாத மையால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இதில் 5 பாகை வித்தியாசம்கூட இல்லையாதலால் பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

இனி தேடும் முறை. ரிசீவரின் அமைப்புப் பகுதியில் இரண்டு கோடுகள் தெரியும்: ஒன்று சிக்னலின் பலம், மற்றது தரம். பலம் என்பது எல்.என்.பி.க்கு மின் போகிறது என்பதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்வதில்லை. எந்தச் செய்மதியை நோக்கினாலும், சில வேளை வெறும் வானத்தை நோக்கினாலும் அது உயர்ந்து நிற்கும். தரக் கோடு எழுந்தால்தான் நமது செய்மதி. அந்தக் கோடு ஓரிரு விநாடி தாமதித்தே எழும் என்பதால், ஒருவர் உள்ளே திரையைப் பார்க்க, மற்றவர் வெளியே டிஷ்ஷை ஒரு விரல் அகலம் திருப்பி, மனதுக்குள் மூன்று எண்ணி, மறுபடி ஒரு விரல் அகலம் திருப்ப வேண்டும். அவசரமாகத் திருப்புகிறவர் செய்மதியைத் தாண்டிப் போய்விட்டதே அவருக்குத் தெரியாது. இரண்டாவது பயணத்திலேயே உங்களுக்கு இது ஐந்து நிமிட வேலையாகிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கேபிளுக்கு ஆர்.ஜி. 6 வகையில் நல்ல செம்பு வலை உள்ளதை எடுங்கள். 15 மீற்றரே போதும். தேவைக்கு மேல் நீட்டினால் சிக்னல் சற்றுக் குறையும். பஸ்ஸுக்குள் கேபிளைக் கதவிடுக்கில் நசுக்கிக் கொண்டுவராமல், பக்கத் தகட்டில் நீர் புகாத ஒரு சிறு இணைப்பி பூட்டிவிடுங்கள். கடற்கரையில் ஒரே வாரத்தில் உப்புக் காற்று இணைப்பியின் செம்பைப் பச்சையாக்கிவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றி வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். முக்காலியின் கால்களுக்கு நடுவே ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டால் மன்னார்க் காற்றிலும் அது விழாது. அநுராதபுரம், பொலன்னறுவை, கதிர்காமம் பக்கம் குரங்குகள் கேபிளைப் பிடித்து இழுக்கும். பகலில் டிஷ்ஷை உள்ளே எடுத்துவைப்பதே வழி.

மழையைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சேவைகள் கே.யு. அலைக்கற்றையில், 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் வருகின்றன. பெரும் மழைத்துளிகள் அந்த அலைகளை உறிஞ்சிவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் கொட்டும் இடிமழையில் பத்து இருபது நிமிடம் படம் உறைந்து நிற்பது இயல்பு. டிஷ்ஷைத் தொடாமல் காத்திருந்தால் தானாக வரும். டிஷ் பெரிதாக இருந்தால் இந்த இடைவெளி சுருங்கும். பஸ்ஸில் இடமிருந்தால் 75 சென்ரிமீற்றரை எடுக்கலாம், ஆனால் கூம்பு ஒடுங்குவதால் குறிபார்ப்பதில் சற்றுக் கூடுதல் கவனம் தேவைப்படும். குவிமாடங்களுக்குள் இருக்கும் தட்டு பெரும்பாலும் 60 சென்ரிமீற்றரை விடச் சிறியது; குவிமாடத்தின் மேல் படியும் நீரும் சேர்ந்து நம்முடைய மழையில் அவற்றைச் சீக்கிரமே தோற்கடித்துவிடும். இடி கேட்கத் தொடங்கினால் படத்தை மறந்துவிட்டு, கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள், பிற்பகல் மூன்று மணியளவில், சூரியன் சரியாக அந்தச் செய்மதிக்குப் பின்னால் வந்துவிடும். சூரியனின் இரைச்சலில் சிக்னல் சில நிமிடம் அமிழ்ந்து போகும். இதைக் குறையாகப் பார்க்காமல் கருவியாகவும் பாவிக்கலாம்: அந்த நாட்களில் அந்த நேரத்தில் டிஷ் வைக்கப் போகும் இடத்தில் வெயில் விழுந்தால், செய்மதியும் அங்கிருந்து மறைவின்றித் தெரியும் என்று பொருள்.

ஓடும்போது பார்ப்பதற்கு, ஓட்டத்திலேயே செய்மதியைப் பின்தொடரும் குவிமாடம் தேவை. அதன் விலைக்கு உங்கள் பஸ்ஸின் உட்புற வேலையில் பாதியை முடித்துவிடலாம். வீதியோர மரங்கள் கூடாரம்போல் மூடி நிற்கும் நம் வீதிகளில் படம் விட்டுவிட்டுத்தான் வரும். கட்டாயம் வேண்டுமென்றால் 45 பாகைச் செய்மதியைப் பதிந்துகொள்ள முடிகிற, நேர்கோட்டு முனைவாக்கமுள்ள மாதிரியா என்று வாங்குமுன் விவரத்தாளில் பாருங்கள். அது எத்தனை பாகை உயரம் வரை நிமிரும் என்பதையும் பாருங்கள். வட நாடுகளுக்கென்று செய்தவை நம் தலைக்கு மேலுள்ள இந்தியச் செய்மதிகள் அளவுக்கு நிமிர்வதில்லை. சாரதியின் கண்ணில் திரை படக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மின்சாரம் நீங்கள் பயப்படும் அளவுக்குச் சிக்கலானது அல்ல. 12 வோல்டில் ஓடும் 24 அங்குலத் திரை 30 வாட்ஸ் அளவும், ரிசீவரும் எல்.என்.பி.யும் சேர்ந்து 12 வாட்ஸ் அளவும் எடுக்கும். மாலையில் நான்கு மணித்தியாலம் பார்த்தால் 12 வோல்ட் பற்றரியிலிருந்து 14 அம்பியர் மணி செலவாகும். 100 அம்பியர் மணி கொண்ட ஈய அமிலப் பற்றரியில் பாதியைத்தான் பாவிப்போம் என்று வைத்தாலும் மூன்று மாலைகளுக்குப் போதும். பல ரிசீவர்களின் வெளி அடப்டர் 12 வோல்ட்தான் தருகிறது. உங்களுடையதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அப்படி இருந்தால், 230 வோல்டுக்கு மாற்றும் இன்வேர்ட்டரே வேண்டாம். ஆனால் ரோசா பஸ்ஸின் சொந்த மின் அமைப்பு பொதுவாக 24 வோல்ட்; இயந்திரம் ஓடும்போது அது இன்னும் உயரும். ஆகவே நடுவில் 12 வோல்டில் நிலைநிறுத்தும் சிறு சீராக்கி ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

இணையம் வழியாகப் பார்க்கலாமே என்று உங்கள் தம்பி கேட்டிருக்கிறார். பியோ டிவி வீட்டுக்கு வரும் இணைப்பில் ஓடும் சேவை, டிஷ் கொண்டு பிடிப்பதல்ல. அதன் பெட்டியைப் பஸ்ஸில் வைக்க முடியாது, செயலியில் மட்டும் பார்க்கலாம். நகரங்களில் 4ஜி சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் செயலிகள் போதுமானவை. ஆனால் நீங்கள் போக விரும்பும் வில்பத்து ஓரத்திலும் நக்கிள்ஸ் பக்கத்திலும் அதை நம்ப முடியாது. ஸ்டார்லிங்க் 2024 ஓகஸ்டில் இலங்கையில் அனுமதிப்பத்திரம் பெற்று 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. அதன் சிறிய மாதிரி 25 முதல் 40 வாட்ஸ் வரை எடுக்கும், 12 வோல்டிலும் ஓடும். ஆனால் அந்தச் செய்மதிகள் வானமெங்கும் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதற்குப் பரந்த திறந்த வானம் வேண்டும். தொலைக்காட்சி டிஷ்ஷுக்கோ மரங்களுக்கிடையே மேற்கே ஒரு சிறு துவாரம் போதும். பிள்ளைகளோடு காணொளியில் பேசுவதற்கும் இணையம் அன்றாடம் வேண்டும் என்றால் மட்டும், இடம் மாறிப் பாவிக்க அனுமதிக்கும் திட்டமா என்று பார்த்து அதை எடுங்கள். தொலைக்காட்சிக்காக மட்டும் என்றால் மாதச் செலவு கூடுதல்.

சாதாரண மீன்முள் அன்டெனா ஒன்றையும் கூரைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பிதுருதலாகலையிலிருந்தும் கொக்காவிலிலிருந்தும் வரும் உள்ளூர் அலைவரிசைகளை அது கட்டணமின்றிப் பிடிக்கும். பணம் கட்ட மறந்த நாளில் கைகொடுக்கும்.

முதல் ஒத்திகையைத் தூரத்தில் வைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸை மரைன் டிரைவுக்குக் கொண்டுவந்து, வாகனம் குறைவான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ரயில் பாதைக்கு அப்பால் திறந்த கடல். அடுக்குமாடிகள் எல்லாம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். பெப்ரவரி மூன்றாம் வாரத்துக்குப் பின்னும் ஒக்டோபர் மூன்றாம் வாரத்திலும் சூரியன் கடலில் இறங்கும் அந்த இடத்துக்கு நேராக, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவழிக்குச் சற்று மேலே செய்மதி நிற்கிறது. அந்த இடத்தை நோக்கி முக்காலியை மட்டம் பார்த்து வைத்து, கணவரைத் திரையின் முன் இருத்தி, நீங்கள் வெளியே நின்று விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்புங்கள். தரக் கோடு எழுந்தவுடன் அவர் குரல் கொடுப்பார். உடனே கழுத்து ஆணியை இறுக்கி, அந்த நிலையில் குழாயிலும் பிடியிலும் ஒரு வெள்ளைக் கோடு தீட்டிவிடுங்கள்.